காஷுவாலிட்டி ஃப்ரிட்ஜில் எதை வைப்பது: ஸ்கோலினா, ராக்குரோனியமா?

ஜிஎஸ்டி ரோடு டூட்டி

வணக்கம் நண்பர்களே. தாம்பரம் தாண்டி, ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காஷுவாலிட்டி பார்க்கிறேன். பைக் விபத்து, நெஞ்சுவலி, பூச்சிமருந்து, வீசிங் எல்லாம் வரும். மயக்க மருத்துவர் ஆன்-கால்தான். போன் போட்டால், குரோம்பேட்டை ட்ராஃபிக்கைத் தாண்டி அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவது டூட்டி டாக்டர் தலையில்தான்.

இதுவரை எங்களிடம் தசைத் தளர்த்தி (ட்யூப் போட வசதியாகத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் ஊசி) என்றால் ஸ்கோலின் மட்டும்தான். இந்த மாத ஸ்டாக் லிஸ்ட்டில் ராக்குரோனியமும் எழுதினேன். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார்: "ரெண்டும் ஒரே வேலைதானே டாக்டர் செய்யுது? ஒண்ணைச் சொல்லுங்க, வாங்கித் தரேன்." கூடப் படித்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ராக், பாதிப் பேர் ஸ்கோலின். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஒன்றுதான் என்றால் எது?

ஈதர் காலத்து ஆள்

தம்பி, ஒன்றுதான் என்றால் ஸ்கோலின். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அரசு ஆஸ்பத்திரிகளில் மயக்கவியல் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நள்ளிரவு சிசேரியன், கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிட்டு நேராக விபத்தில் மாட்டி வந்த ஆள், எல்லாருக்கும் கைகொடுத்தது அதுதான். ஊசி ஏறி முக்கால் நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் வேலை செய்யும். செய்ததா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டாம். முதலில் இமையும் கன்னமும் துடிக்கும். அந்தத் துடிப்பு கழுத்து, தோள், தொடை என்று இறங்கிக் கால்விரல் வரை போய் அடங்கும். கால்விரல் அடங்கியதும் வாயைத் திற, தாடை கையோடு வரும். ராக்கில் இந்தத் துடிப்பே கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். புதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இருக்காது. அரை நிமிஷத்திலேயே லாரிங்கோஸ்கோப் பிளேடை (தொண்டையைத் திறந்து பார்க்கும் கருவி) உள்ளே விட்டு, பேஷன்ட் இருமி, வாந்தி எடுத்து, அதோடு போச்சு.

கணக்கும் சுலபம். 10 மி.லி. குப்பி, ஒரு மி.லி.யில் 50 மி.கி. கிலோவுக்கு ஒன்றரை மி.கி. வீதம் 70 கிலோ ஆளுக்கு 105. இரண்டு மி.லி.யைக் கொஞ்சம் தாராளமாக இழுத்தால் முடிந்தது. கை நடுங்குகிற நேரத்தில் மனக்கணக்கு குறைவாக இருப்பது பெரிய விஷயம்.

கடைசியாக ஒன்று. தப்பித்தவறி ட்யூப் போகாவிட்டாலும் பத்து நிமிஷத்துக்குள் மருந்து கழிந்து அவர் தானே மூச்சு விடுவார். ராக் போட்டுவிட்டு ட்யூப் போகாவிட்டால் ஒரு மணி நேரம் யார் மூச்சு விடுவது?

ட்ராமா பே

//தப்பித்தவறி ட்யூப் போகாவிட்டாலும் பத்து நிமிஷத்துக்குள் மருந்து கழிந்து அவர் தானே மூச்சு விடுவார்//

சார், மற்றதெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். இந்த ஒரு வரியை மட்டும் விட முடியாது.

1997-லேயே பெனுமோஃப் குழுவினர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். கிலோவுக்கு 1 மி.கி. ஸ்கோலின் போட்டு, இடையில் ஆக்சிஜன் கொடுக்கவே முடியாமல் போனால், தசைக்குச் சக்தி திரும்புவதற்கு முன்பே ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். குண்டானவர், குழந்தை, ஏற்கெனவே நோய்ப்பட்டவர் என்றால் இன்னும் சீக்கிரம். ஆபரேஷன் தியேட்டரில் நிதானமாக மூன்று நிமிஷம் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் நிரப்பிக்கொண்டு படுத்திருக்கும் ஹெர்னியா பேஷன்ட் வேறு. நம்மிடம் வருகிறவர் சாச்சுரேஷன் 85-இல் திணறிக்கொண்டு வருகிறார். அவருக்குப் பத்து நிமிஷம் ஏது சார்? கண்ணெதிரே நீலம் பாரிக்கும்போது "மருந்து கழியட்டும்" என்று நிற்க யாராலும் முடியாது.

ட்யூப் போகாவிட்டால் ஆம்பு பேக் (மாஸ்க் வைத்துக் கையால் அமுக்கிக் காற்றுத் தள்ளும் பை), அதுவும் முடியாவிட்டால் எல்எம்ஏ (தொண்டையில் உட்காரும் மாஸ்க்), எதுவுமே முடியாவிட்டால் கழுத்தில் கத்தி வைத்து மூச்சுக்கு வழி எடுப்பது. அவ்வளவுதான் வழி. இந்த மூன்றுமே தசை முழுக்கத் தளர்ந்திருக்கும்போதுதான் சுலபம். பாதி மருந்து கழிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, குரல்நாண் இறுகிப்போன ஆளுக்கு மாஸ்கில் காற்றுத் தள்ளிப் பாருங்கள். அதனால் ராக் நீண்ட நேரம் நிற்பதை நான் குறையாகவே பார்ப்பதில்லை.

அப்புறம், ஸ்கோலின் போடக் கூடாதவர்கள் பட்டியல். சாதாரண ஆளுக்கே ரத்தத்தில் பொட்டாசியம் அரைப் புள்ளி ஏறும், அதைத் தாங்கிக்கொள்வார். தீக்காயம் பட்டு ஒரு நாளுக்கு மேல் ஆனவர், தண்டுவடம் அடிபட்டு நாலைந்து நாள் ஆனவர், பக்கவாதத்தில் வாரக்கணக்கில் படுத்திருப்பவர், ஐசியுவில் நீண்ட நாள் கிடந்தவர், தசைநோய் உள்ளவர்: இவர்களுக்குத் தசை முழுக்க, இந்த மருந்து போய் ஒட்டும் ரிசெப்டர்கள் பரவி முளைத்திருக்கும். ஸ்கோலின் பட்டதும் அத்தனையும் திறந்து பொட்டாசியத்தைக் கொட்டும், இதயம் நின்றுவிடும். கிட்னி ஃபெயிலியரில் பொட்டாசியம் ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கும் கூடாது. சின்னப் பையன்களிடம் வெளியே தெரியாத தசைச்சிதைவு நோய் இருக்கலாம் என்பதால், குழந்தைகளுக்கு அவசரத்தைத் தவிர வேறு எதற்கும் வேண்டாம் என்று 1990-களிலேயே அமெரிக்காவில் கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கை போட்டுவிட்டார்கள்.

நடு ராத்திரி, யார் எவர் என்றே தெரியாமல் 108-ல் ஒருவரை இறக்கிவிடுகிறார்கள். இத்தனையையும் யாரிடம் கேட்பது? ராக்குக்கு உண்மையில் ஒரே தடைதான், அந்த மருந்துக்கே அலர்ஜி.

ஈதர் காலத்து ஆள்

பட்டியல் எனக்கும் மனப்பாடம்தான் தம்பி. தீக்காயம் பட்ட முதல் 24 மணி நேரத்தில் ஸ்கோலின் போடலாம் என்பதையும் அதே பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள். தீப்பிடித்து நேராக வருகிறவர் எல்லாருக்கும் அந்தப் பயம் பொருந்தாது. கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டிலிருந்து மூன்றாம் நாள் மாற்றி அனுப்பப்பட்டவர் என்றால் பொருந்தும்.

ஆராய்ச்சி என்று வந்துவிட்டதால் நானும் ஒன்று வைக்கிறேன். பிரான்ஸில் ஆம்புலன்ஸிலேயே டாக்டர் வருவார், வீட்டிலோ ரோட்டோரத்திலோ ட்யூப் போடுவார். அங்கே 1,248 பேரை வைத்துச் செய்த சோதனை 2019-ல் வெளிவந்தது. முதல் முயற்சியிலேயே ட்யூப் போனது ஸ்கோலினில் 79.4 சதவீதம், ராக்கில் 74.6. ராக் ஸ்கோலினுக்குச் சளைத்ததல்ல என்று காட்டத்தான் அந்தச் சோதனையே நடத்தினார்கள். காட்ட முடியவில்லை.

ட்ராமா பே

அதே சோதனையில் ட்யூப் போடும்போது வந்த சிக்கல்கள் ஸ்கோலினில் 23 சதவீதம், ராக்கில் 18. இதையும் சேர்த்தே படிப்போம் சார். :)

ராக் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எவ்வளவு போட்டீர்கள் என்றுதான். இங்கே கிடைக்கும் குப்பி 5 மி.லி., அதில் 50 மி.கி. எல்லாரும் ஒரு குப்பியை முழுசாக ஏற்றிவிட்டு "ஃபுல் டோஸ் போட்டேன்" என்பார்கள். 70 கிலோவுக்கு 50 மி.கி. என்றால் கிலோவுக்கு 0.7 தான் ஆகிறது. அது தியேட்டர் டோஸ். அதில் தாடை தளர ஒன்றரை இரண்டு நிமிஷம் ஆகும். அவசரத்துக்கு 1.2 வேண்டும், அதாவது 84 மி.கி., இரண்டாவது குப்பியையும் எடுத்தாக வேண்டும். அந்த டோஸில் ஸ்கோலின் மாதிரியே ஒரு நிமிஷம்.

ஷாக்கில் இருப்பவருக்கு இன்னும் கவனம். பிபி இல்லாதவருக்கு ரத்தம் மெதுவாக ஓடும், மருந்து தசைக்குப் போய்ச் சேர நேரமாகும். தளர்த்தியைக் கூட்டு, மயக்க மருந்தைக் குறை. கெட்டமின் பாதி டோஸ் போதும், இல்லாவிட்டால் இருக்கிற பிபியும் போகும். நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பார்மசி கணக்கு

டாக்டர்கள் சண்டைக்கு நடுவில் ஒரு மருந்தாளுநரின் கேள்வி: உங்கள் காஷுவாலிட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்க்கிற ஃப்ரிட்ஜ்களில் மேல் தட்டில் இன்சுலின், டிடி, பாம்புக்கடி ஊசி. நடுத் தட்டில் யாருடையதோ தயிர்சாத டப்பா. கதவு இடுக்கில், ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடுகிற இடத்தில், ஸ்கோலின். ஸ்கோலினும் ராக்கும் இரண்டுமே 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்துகள். வெளியே எடுத்து வைத்தால் ஸ்கோலின் குப்பிக்கு 14 நாள், ராக்குக்கு 60 நாள் என்று அமெரிக்க லேபிளில் போட்டிருக்கும். ஆனால் அந்த "அறை வெப்பம்" 25 டிகிரி. ஏசி ரிப்பேரான மே மாதக் காஷுவாலிட்டி அந்தக் கணக்கில் வராது. வீரியம் குறைந்த ஸ்கோலினைப் போட்டுவிட்டுத்தான் பலர் "இந்த பேட்ச் சரியில்லை" என்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பல ஏரியாக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது தப்பிய சரக்கு எது, கெட்டது எது என்று பிரிக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். வெளியே எடுத்த தேதியைக் குப்பி மேல் மார்க்கரில் எழுதுங்கள். சின்ன ஆஸ்பத்திரிக்கு அதுவே போதும்.

ஃப்ரிட்ஜே வேண்டாம் என்றால் இன்னொரு தளர்த்தியான வெக்குரோனியம் பவுடர் இருக்கிறதே என்று யாராவது ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன். அதைத் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும், வேலை செய்ய இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். ட்யூப் போட்ட பிறகு ஐசியுவில் வைத்துக்கொள்ளலாம்.

மாம்பலம்வாசி

பெரியவர்கள் பேசுகிற இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் டாக்டர் இல்லை. போன மார்கழியில் என் மாமனாருக்கு ராத்திரி வீசிங் முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் "ட்யூப் போடணும், கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டோம். பிழைத்து வந்துவிட்டார், இப்போது நன்றாக இருக்கிறார். போன வாரம் இன்ஷூரன்ஸுக்காக டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தபோது "ஸ்கோலின் 100" என்று இருந்தது. தேடிப் பார்த்தால் உடம்பை முழுக்கச் செயலிழக்க வைக்கும் மருந்து, மூச்சும் நின்றுவிடும் என்று வருகிறது. மூச்சு விட முடியாமல் போனவருக்கு, இருந்த கொஞ்ச மூச்சையும் நிறுத்தும் மருந்தா? அத்தையிடம் சொன்னால் பயந்துவிடுவார் என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. கண் விழித்த பிறகு ரெண்டு நாள் "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செயலிழந்து கிடந்தபோது அவருக்கு நினைவு இருந்திருக்குமா?

வார்டு சிஸ்டர்

மேடம், நீங்க கேட்டதுதான் இந்தப் பேச்சுலயே உருப்படியான கேள்வி. நான் சொல்றேன்.

வீசிங் முத்திப்போனவங்க மூச்சுக்குப் போராடுவாங்க. பல்லைக் கடிப்பாங்க, மாஸ்கைப் பிடுங்குவாங்க, நாக்குல பிளேடு பட்டதும் குமட்டும். வாந்தி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா அது வேற தலைவலி. தளர்த்தி போட்டா வாய் நல்லாத் திறக்கும், குரல்நாண் அசையாம நிக்கும், ட்யூப் ஒரே தடவையில போகும். மூச்சு நிக்குறது நிஜம்தான். ஆனா அதுக்கு முன்னாடியே மாஸ்க்ல ஆக்சிஜன் நிரப்பி வச்சிருப்பாங்க, ட்யூப் போனதும் மெஷின் மூச்சு கொடுக்கும். நின்னு போன அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனை பேர் தலைமாட்டுல நிக்கிறோம்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு நர்சிங் ஹோம்ல தளர்த்தின்னாலே பயம். மிடாஸ் (மிடாசோலம், தூக்க ஊசி) மட்டும் போட்டுட்டு, ரெண்டு பேர் கையப் பிடிக்க, ஒருத்தர் காலப் பிடிக்க, டாக்டர் பிளேடோட மல்லுக்கட்டுவார். உதடு கிழியும், பல்லு ஆடும், பேஷன்ட் கறுத்துப் போவாங்க. அதைப் பாத்தவங்களுக்குத் தெரியும் ஸ்கோலின் அருமை.

உடம்பு வலி அந்த ஊசியால இருக்கலாம். தசையெல்லாம் துடிக்கும்னு பெரிய சார் சொன்னாரே, அது முடிஞ்சு ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு உடம்பு முறிச்சுப் போட்ட மாதிரி வலிக்கும். தானாப் போயிடும்.

நினைவு இருந்துச்சான்னு கேட்டீங்க. சம்மரில ஸ்கோலினுக்கு மேல கெட்டமின்னோ, எடோமிடேட்டோ, ப்ரொபோஃபாலோ எழுதியிருக்கான்னு பாருங்க. அதுதான் தூக்கத்துக்கு. தளர்த்தி தூங்க வைக்காது, வலியையும் குறைக்காது. தூக்க மருந்து முதல்ல, அடுத்த நொடி தளர்த்தி. ரெண்டும் சேந்துதான் போகும்.

மாம்பலம்வாசி

இருக்கிறது சிஸ்டர், கெட்டமின் 80 என்று. நன்றி. இன்றைக்கு அத்தையிடம் சொல்லிவிடுவேன்.

ஈதர் காலத்து ஆள்

சிஸ்டர் சொன்னதை டாக்டர்களே மறந்துபோகிறார்கள். தசைத் தளர்த்தியை மயக்க மருந்தோடு சேர்த்து முதலில் பயன்படுத்தியது 1942 ஜனவரி 23, மான்ட்ரியலில் க்ரிஃபித்தும் ஜான்சனும். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய க்யூராரேயிலிருந்து எடுத்தது. அது மூளையையும் மழுக்குமா என்ற சந்தேகம் அதற்கப்புறமும் சில வருஷம் நீடித்தது. 1947-ல் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர் தன் உடம்பிலேயே அதை ஏற்றிப் பார்த்தார். விரல்கூட அசையவில்லை, மூச்சு மற்றவர்கள் கொடுத்தார்கள், நினைவு மட்டும் துளியும் மங்கவில்லை. சுற்றி நடந்ததையெல்லாம் பிறகு சொன்னார்.

நம் ஊரில் இதைப் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். கட்டுவிரியன் கடித்து வருகிறவரைப் பாருங்கள். இமை விழுந்து, கண்பாப்பா விரிந்து, சுண்டினாலும் அசைவில்லாமல் கிடப்பார். மூளைச்சாவு என்று நினைக்கத் தோன்றும். உள்ளே முழு விழிப்பில் இருப்பார், நாம் பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் படுக்கையருகே நின்று யாரும் நம்பிக்கையிழந்து பேசக் கூடாது என்று ஹவுஸ் சர்ஜன்களைத் திட்டியிருக்கிறேன்.

வார்டு சிஸ்டர்

இதுதான் சார், ராக் வந்த பிறகு எனக்கு இருக்குற பயம். ஸ்கோலின்னா பத்து நிமிஷத்துல பேஷன்ட் கையக் காலை ஆட்டுவாங்க, ட்யூபைக் கடிப்பாங்க. உடனே டாக்டர் "சிஸ்டர், மிடாஸ் போடுங்க"ன்னு கத்துவார். ராக் போட்டா ஒரு மணி நேரம் சிலை மாதிரி கிடப்பாங்க. கெட்டமின் பத்து இருபது நிமிஷத்துல தெளிஞ்சிரும். எல்லாரும் "பேஷன்ட் செட்டில் ஆயிட்டார்"னு சிடி ஸ்கேனுக்குப் போன் பண்ணிட்டு இருப்பாங்க. மானிட்டரைப் பாத்தா பல்ஸ் 130, பிபி 180, கண்ணோரமா தண்ணி வழியுது. செட்டில் ஆனவங்களுக்கு ஏன் பல்ஸ் 130?

நான் ட்யூப் கட்டுற டேப்பை வெட்டும்போதே வலிக்கு ஃபென்டனில், தூக்கத்துக்கு மிடாஸ் ரெண்டையும் சிரிஞ்ச் பம்ப்புல ஏத்திருவேன். ஆர்டர் அப்புறம் எழுதிக்கட்டும். வாய்ல சொன்னாப் போதும்.

ட்ராமா பே

சிஸ்டர் சொன்னதற்கு எண்ணே இருக்கிறது. 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எமர்ஜென்சியில் ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் வைக்கப்பட்ட 383 பேரைப் பிறகு விசாரித்தார்கள். 10 பேர் அசைய முடியாமல் விழித்திருந்ததை அனுபவித்திருக்கிறார்கள், 2.6 சதவீதம். அந்தப் பத்துப் பேரில் ஏழு பேருக்கு ராக் போயிருந்தது. மற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் ராக் போயிருந்தது.

நான் ராக் கட்சிதான், ஆனால் இந்த இடத்தில் வாதாட ஒன்றுமில்லை. ராக் போடுகிறவர் தூக்க மருந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போட வேண்டும்.

பார்மசி கணக்கு

சிரிஞ்ச் லேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வதேச முறைப்படி தளர்த்திக்குப் பளிச்சென்ற சிவப்பு, தூக்க மருந்துக்கு மஞ்சள். ரெடிமேட் ஸ்டிக்கர் கிடைக்காவிட்டால் ஸ்டேஷனரிக் கடைச் சிவப்பு ஸ்டிக்கர் போதும். ஸ்கோலினோ ராக்கோ சிரிஞ்சுக்குள் போய்விட்டால் பார்ப்பதற்குத் தண்ணீர்தான், டிஸ்டில்டு வாட்டரோடு வித்தியாசம் தெரியாது.

2017-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், ஸ்கேனுக்கு முன் பதற்றம் குறைய மிடாசோலம் கொடுக்க வேண்டிய ஒரு பாட்டிக்கு வெக்குரோனியம் போய்விட்டது. இறந்துவிட்டார். மருந்து அலமாரியின் கம்ப்யூட்டரில், மிடாசோலத்தின் வணிகப் பெயரான வெர்செட்டின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் வந்த மருந்து அது. குப்பி மூடியிலேயே "செயலிழக்கச் செய்யும் மருந்து" என்று எச்சரிக்கை இருந்தும் நடந்தது. அந்த நர்ஸுக்கு 2022-ல் கோர்ட்டில் குற்றத் தீர்ப்பு ஆனது. இங்கே மூடியில் அதுகூட இல்லாத குப்பிகள் என் கைக்கு வந்திருக்கின்றன. தளர்த்தியைத் தனி டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். இன்சுலின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஈதர் காலத்து ஆள்

என் கட்சிக்கு எதிராக நானே ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேலை செய்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டியது.

ஸ்கோலினைக் கரைப்பது ரத்தத்தில் உள்ள சூடோகோலினெஸ்ட்ரேஸ் என்ற என்சைம். அது பிறவியிலேயே இல்லாதவர்களுக்குப் பத்து நிமிஷ மருந்து மணிக்கணக்கில் நிற்கும். உலகில் மற்ற இடங்களில் இது மிக அபூர்வம். ஆந்திரா, தெலங்கானா, தமிழ்நாட்டில் இருக்கும் ஆரிய வைசியர்களிடம் கணிசமாக உண்டு. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்து 2006-ல் வெளியிட்டார்கள். அவர்கள் நிறைய இருக்கும் ஜார்ஜ் டவுன் பக்கம் வேலை பார்த்த மயக்க மருத்துவர்களுக்கு இது புத்தகத்தில் படிக்காமலேயே தெரியும்.

சும்மா பார்வையாளர்

அதாவது காஷுவாலிட்டியில் வந்ததும் "என்ன சாதி" என்று கேட்கச் சொல்கிறீர்களா? நல்லா இருக்கு.

ஈதர் காலத்து ஆள்

கோபம் நியாயம்தான் தம்பி. நாங்கள் அப்படிக் கேட்டதில்லை. "வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிய ரொம்ப நேரமாகி, மெஷினில் வைத்தார்களா?" இதுதான் கேள்வி. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது பொருந்தும், அக்கா மகளைக் கட்டிய வீடுகள் நம்மில் எத்தனை! அப்படி ஒருவருக்குத் தெரியாமல் ஸ்கோலின் போட்டுவிட்டாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. தூக்கம் கொடுத்து, வென்டிலேட்டரில் வைத்திருந்தால் சில மணி நேரத்தில் தானே மீண்டு வருவார். ஆபத்தெல்லாம், அது தெரியாமல் "முழிக்க மாட்டேங்கிறார்" என்று தூக்க மருந்தை நிறுத்துவதில்தான். அதன் பிறகு குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்து, சீட்டு எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

ட்ராமா பே

இதே என்சைம்தான் பூச்சிமருந்துக் கேஸிலும். ஜிஎஸ்டி ரோடு நண்பர் பூச்சிமருந்து வரும் என்று முதலிலேயே எழுதியிருக்கிறார், அதை நாம் எல்லாரும் தாண்டி வந்துவிட்டோம். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் வயல்வெளிகளிலிருந்து வருகிற ஆர்கனோபாஸ்பேட் கேஸ்களில் அந்த விஷம் சூடோகோலினெஸ்ட்ரேஸை முடக்கிவிடும். விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க நாம் லேபுக்கு அனுப்புவதே அந்த என்சைம் அளவைத்தானே. அவருக்கு ஸ்கோலின் போட்டால் பல மணி நேரம் நிற்கும். ராக் போடுங்கள், டோஸ் குறைக்காதீர்கள். உறிஞ்சு குழாய் ஓடிக்கொண்டே இருக்கட்டும், விஷமுறிவு மருந்தான அட்ரோபினைக் காத்திருக்க வைக்க வேண்டாம்.

ஜிஎஸ்டி ரோடு டூட்டி

எல்லாருக்கும் நன்றி. படித்ததில் எனக்குப் பட்டது இது: ஒன்றுதான் என்றால் ராக். எங்களுக்கு வரும் பூச்சிமருந்து, யாரென்று தெரியாத விபத்துக் கேஸ் இரண்டுமே அந்தப் பக்கம் இழுக்கின்றன. ஸ்கோலினை நிறுத்தாமல் கொஞ்சம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். ராக் வாங்கினால் கூடவே அதன் வேலையைத் திருப்பும் சுகமாடெக்ஸும் வாங்க வேண்டும், அது இல்லாமல் ராக் தொடக் கூடாது என்கிறான் என் நண்பன். உண்மையா?

ட்ராமா பே

அந்த மருந்து ராக் மூலக்கூறை அப்படியே வளைத்து விழுங்கிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ராக் போட்ட கையோடு திருப்ப வேண்டும் என்றால் கிலோவுக்கு 16 மி.கி. வேண்டும். 70 கிலோவுக்கு 1,120. குப்பி 200 மி.கி. ஆக ஆறு குப்பி. பேஷன்ட் கறுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஆறு குப்பியை இழுத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். அப்படியே தசை மீண்டாலும் கெட்டமின் உள்ளே இருக்கிறது, தொண்டை வீக்கம் அப்படியே இருக்கிறது. மூச்சு வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. விலையைப் பார்த்து மேனேஜர் மயங்கி விழுந்தால் அவருக்கு வேறு ட்யூப் போட வேண்டும்.

அந்தப் பணத்துக்கு அலை காட்டும் கேப்னோகிராஃப் (வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் மெஷின்) வாங்கச் சொல்லுங்கள். 2011-ல் பிரிட்டனில் நாடு முழுக்க ஏர்வே விபத்துகளை எடுத்து அலசியதில், ஐசியுவில் இறந்தவர்கள், மூளை பாதித்தவர்களில் 74 சதவீதம் பேர் விஷயத்தில், அந்த மெஷின் இல்லாததோ அதைச் சரியாகப் பயன்படுத்தாததோ ஒரு காரணமாக இருந்தது. தளர்த்தி போட்ட ஆளுக்கு ட்யூப் உணவுக்குழாயில் போய்விட்டால் அவர் இருமிக்கூடக் காட்ட மாட்டார். கார்பன் டை ஆக்சைடு அலை வரவில்லை என்றால் ட்யூப் உள்ளே இல்லை என்று எடு. ஸ்டெத் வைத்துக் கேட்டேன், நெஞ்சு ஏறியது, ட்யூபில் பனி படர்ந்தது என்பதெல்லாம் ஏமாற்றும்.

ஈதர் காலத்து ஆள்

இதில் தம்பியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கூடவே பத்தாம் நம்பர் பிளேடு ஒன்று, பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி) ஒன்று, ஆறாம் நம்பர் ட்யூப் ஒன்று, மூன்றையும் ஒரே கவரில் போட்டுத் தலைமாட்டில் தொங்கவிடச் சொல்லுங்கள். கழுத்தில் வழி எடுக்க அவ்வளவுதான் தேவை, செலவும் ஒன்றுமில்லை. ராக்கோ, ஸ்கோலினோ, அந்தக் கவர் தொங்காத அறையில் தளர்த்தியைத் தொடாதே.

வார்டு சிஸ்டர்

கவர்ல தேதி எழுதி சீல் ஒட்டுங்க சார். இல்லன்னா டிரெஸ்ஸிங்குக்கு பிளேடு இல்லைன்னு யாராவது பிரிச்சிருவாங்க.

ஜிஎஸ்டி ரோடு டூட்டி

மேனேஜரிடம் பேசிவிட்டேன். ராக் சரி, ஸ்கோலின் ரெண்டு குப்பி மட்டும் சரி. சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று தனியாகத் தருகிறாராம், தயிர்சாதம் வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டச் சொன்னார். கேப்னோகிராஃபுக்கு மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கிறார். சென்னையில் சர்வீஸ் ஒழுங்காகத் தருகிற மாடல் எது என்று தெரிந்தவர்கள் தனிச் செய்தியில் சொல்லுங்கள்.